சம்மட்டிப் பாட்டும் மறைந்த கைகளும்

இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1986-ல் 'ஸ்லெட்ஜ்ஹாமர்', அதாவது சம்மட்டி, என்றொரு பாட்டுக்குச் சிறு படம் வெளியிட்டார். அதில் தலையில்லாத கோழிகள் ஆடும். பழங்கள் ஒன்றுகூடி முகமாகும். பணக்கார நாட்டுக் கிறுக்கு என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்!

ஆனால் தோழர்களே, அந்தப் பழம் தானாகவா நகர்ந்தது? ஒரு கை அதை நெல்லளவு நகர்த்தும், காமிரா ஒரு படம் பிடிக்கும், மறுபடி நகர்த்தும். பிரிஸ்டல் நகர ஆர்ட்மன் கூடத்தாரும் குவே சகோதரர்களும் பட்ட பாடு இது. பாடகரும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடித் தகட்டுக்கு அடியில் 16 மணி நேரம் கிடந்தார். அதற்கு நம் பாராட்டு உண்டு.

1987-ல் எம்.டி.வி. 9 பரிசுகள் தந்தது. பாடகர் பெயர் எங்கும் முழங்கிற்று. கோழிகளை ஆட்டிவைத்த இளைஞர் நிக் பார்க்கின் பெயர் ஊரறிய இன்னும் சில வருஷமாயிற்று. படம் ஓடும்போது நாம் அந்த விரல்களைத்தான் தேடுகிறோம்.