நூறு சதவீதம், ஒருத்தன் நீங்கலாக

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது எங்கேயும் ஓடிப்போய்விடாது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். நேற்று காலேஜ் முடிந்து சிவகாசியில் எம். புதுப்பட்டி பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு ஃப்ளெக்ஸ் பார்த்தேன். அதிலிருந்து ஒரே கோபம். ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எல்லா ஊரிலும் இருக்கிற ஃப்ளெக்ஸ்தான். மேலே தாளாளர் படம், நடுவில் "பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி", கீழே வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கஷ்டப்பட்டுப் படித்தவர்கள், நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தப் பள்ளியில் ஒன்பதாவது வரை படித்து, எந்த வருஷத்து ஃப்ளெக்ஸிலும் வராமல் போன ஒரு முகம் எனக்குத் தெரியும். என் சித்தி பையன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்தின் படிப்புப் பெருமை பொய்யில்லை. பிளஸ் டூ ரிசல்ட்டில் வருஷக்கணக்காக மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் விருதுநகர். 2017-ல் 97.85 சதவீதம், 2018-ல் 97.05 சதவீதம், இரண்டு வருஷமும் நாம்தான் முதல். ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலாளர் என்றாலே இந்தியா முழுக்க சிவகாசியைத்தான் சொல்வார்கள். குழந்தையை வேலைக்கு வைத்தால் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே நம் ஊர்த் தொழிலை வைத்து வந்த வழக்கில்தான். என் அம்மா எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். அவர் மகள் நான் பி.காம். படிக்கிறேன். ஒரே தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

அதனால்தான் கேட்கிறேன். எல்லாப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பித்தது, எந்த இடத்தில் பாஸாகிற பிள்ளை மட்டும் போதும் என்று ஆனது?

தம்பிக்கு என்ன பிரச்சினை என்று சொல்கிறேன். அவனுக்கு எழுத்து நிற்காது. பாட்டியின் பெட்டிக்கடையில் உட்கார்ந்தால் மனக்கணக்கிலேயே சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுப்பான். பாடத்தை நான் வாசித்துக் காட்டினால் அப்படியே திருப்பிச் சொல்வான். அதையே எழுதச் சொன்னால் அரைப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். 'ல', 'ள', 'ழ' மூன்றும் இடம் மாறியிருக்கும், கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும்.

நம் எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'க்', பிறகு 'எ'. தாளில் முதலில் வருவதோ கொம்பு, அதற்கப்புறம்தான் 'க'. 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். 'கௌ' எழுதினால் பின்னால் 'ள' மாதிரியே ஒன்று நிற்கும். காதுக்கு ஒரு வரிசை, கண்ணுக்கு ஒரு வரிசை. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் வகுப்புக்குள் இது பழகிவிடுகிறது. சில பிள்ளைகளின் மூளைக்கு ஒலியையும் எழுத்தையும் இணைப்பதே பெரும்பாடு. டிஸ்லெக்ஸியா என்பது இதுதான். அது சோம்பேறித்தனமும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. 1896-லேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுக்க வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அந்தப் பையனின் வாத்தியார் சொன்னதாகவும் அதில் எழுதியிருக்கிறார். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு வாத்தியாருக்குப் புரிந்தது! என் தம்பிக்கு அதே பதினாலு வயதில் கிடைத்த பட்டம் 'மக்கு'.

ஒன்பதாவது முடியும்போது சித்தியைக் கூப்பிட்டு விட்டார்கள். பட்டாசு ஆபீஸில் அரை நாள் கூலியை விட்டுவிட்டுச் சித்தி போனார். கூட நானும் போயிருந்தேன்.

"ஏம்மா, இவன் பத்தாவதுல தேற மாட்டான். ஸ்கூல் ரிசல்ட்டு போயிரும். டிசி வாங்கிட்டு வேற எங்கயாவது சேத்துருங்க."

"சரிங்க சார்" என்றார் சித்தி. வேறென்ன சொல்வார்? அந்த 'வேற எங்கயாவது' கடைசி வரை கிடைக்கவே இல்லை.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். அக்கவுன்ட்ஸில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒன்று உண்டு. ஒரு கம்பெனிக்கு நடப்புச் சொத்து 3 லட்சம், நடப்புக் கடன் 2 லட்சம். விகிதம் 1.5. மார்ச் 31-க்கு முந்தின நாள் 1 லட்சம் கடனை அடைத்துவிட்டால் சொத்து 2 லட்சம், கடன் 1 லட்சம். விகிதம் 2! ஒரு ரூபாய் கூட சம்பாதிக்கவில்லை, ஆனால் பேலன்ஸ் ஷீட் பளபளக்கும்.

பள்ளிக்கூடத்திலும் இதே வித்தைதான். ஒன்பதாவதில் 50 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 பேர் தேற மாட்டார்கள். சொல்லிக்கொடுத்துத் தேற்றினால் மேலே இருக்கிற எண் கூடும், அது கஷ்டம். டிசி கொடுத்து அனுப்பினால் கீழே இருக்கிற எண் குறையும், அது சுலபம். 45-க்கு 45, நூறு சதவீதம், ஃப்ளெக்ஸ் ரெடி. அந்த 5 பேரும் வாராக்கடன் கணக்கில் எழுதித் தள்ளப்பட்டவர்கள். எல்லாப் பள்ளியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேர்ச்சி சதவீதத்தை மட்டும் வைத்துப் பாராட்டினால், இப்படிச் செய்கிற பள்ளிக்கும் நிஜமாகவே பாடுபடுகிற பள்ளிக்கும் ஒரே மாலைதான் விழும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1995-ன் பழைய சட்டத்தில் ஏழு வகைதான், கற்றல் குறைபாடு அதில் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் 21 வகை. ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்றபடி சொல்லிக்கொடுப்பது பள்ளியின் கடமை என்று 16-வது பிரிவு சொல்கிறது. மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முதலில் வருகிறதோ அப்போதே ஆசிரியர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடத்தில் விலக்கு என்று சலுகைகள் உண்டு. தம்பிக்கு எட்டு வயதிலும் யாரும் சோதிக்கவில்லை, பதினாலு வயதிலும் யாரும் இந்தச் சலுகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானே காலேஜ் வந்து தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதைச் சொன்னால் என் வகுப்பில் மூன்று பதில் வருகிறது.

ஒன்று: "ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் என்னதான் செய்வார்?" நியாயமான கேள்வி. நான் டீச்சரைத் திட்டவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பணியிடங்களை உருவாக்கி நிரப்புங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. திட்ட வேண்டியவர்கள் யார் என்று இதிலேயே தெரிகிறது. அதோடு, எல்லாமே செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுவது, கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து படிப்பது, இதைத்தான் இன்றைக்கும் டிஸ்லெக்ஸியாவுக்கான பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே எழுதிப் பழகியது?

இரண்டு: "ஒருத்தனுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?" கண்ணாடி போட்டுப் பரீட்சை எழுதுகிறவரைப் பார்த்து யாராவது அநியாயம் என்று சொல்கிறோமா? :-)

மூன்று: "'தாரே ஜமீன் பர்' பார்த்தேன், இந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு பெரிய திறமை ஒளிந்திருக்கும்." இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். 2007-ல் வந்த அந்தப் படம் நல்ல படம்தான், டிஸ்லெக்ஸியா என்ற சொல்லையே பல வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அதில் வருகிற பையன் ஓவியப் போட்டியில் ஜெயிக்கிறான். என் தம்பிக்கு ஒரு மாமரம் கூட ஒழுங்காக வரையத் தெரியாது. ஓவியம் வராத பையனுக்கும் வாசிக்கக் கற்றுக்கொள்ள உரிமை உண்டு. திறமையைக் காட்டித்தான் அதை வாங்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் உரிமை இல்லை, பரிசு.

வீட்டுப் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்றதும் சித்தப்பா, "நம்ம பையன் கை கால் நல்லாத்தான இருக்கு? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதையும் மீறி நானும் சித்தியும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை அலைந்தோம். இரண்டு தடவையும் "பாக்குறவர் இன்னைக்கு இல்ல" என்று திரும்பி வந்தோம். இரண்டு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

எங்கள் பக்கம் படிப்பை விட்ட பையன் தெருவில் நிற்க மாட்டான், அவனுக்கு வேலை காத்திருக்கும். "ஆபீஸ் இருக்கும்போது என்ன கவலை" என்பார்கள். 18 வயது ஆகாதவர்களை வெடிமருந்து வேலையில் சேர்க்கக் கூடாது என்று 2016-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. 18 ஆன மறுநாள் யாரும் தடுக்க முடியாது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2023 அக்டோபரில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்த வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை, என்னைப் படிக்கவைப்பதே அந்தக் கூலிதான். தெரிந்து, விரும்பி ஒருத்தர் போவது வேறு. 'கொ' எழுத வரவில்லை என்பதற்காக ஒருத்தனை அதை நோக்கித் தள்ளிவிடுவது வேறு.

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. தேர்ச்சி சதவீதத்தோடு இன்னும் இரண்டு எண்ணையும் ஒவ்வொரு பள்ளியும் ஃப்ளெக்ஸில் போடட்டும். அந்தப் பிள்ளைகள் எட்டாவது படித்தபோது வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அதில் எத்தனை பேருக்குக் கற்றல் குறைபாடு என்று கண்டுபிடித்துச் சலுகை வாங்கிக் கொடுத்தீர்கள்? இரண்டையும் போட்ட பிறகும் நூறு சதவீதம் என்று காட்டுகிற பள்ளிக்கு நானே போய் மாலை போடுகிறேன்.

தம்பி இப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்க்கிறான். ஸ்கூல் பிள்ளைகளுக்கான நோட்டுகளை அடுக்கிக் கட்டுகிறான். வருகிற தையில் 18 முடிகிறது. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதச் சொல்லி ராத்திரி ராத்திரி வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஃப்ளெக்ஸ் பார்த்த கோபத்தோடு வீட்டுக்குப் போனால், அவன் கேட்டான்:

"யக்கா, அந்த சொல்றத எழுதுறவங்க நெசமாவே வருவாங்களா?"

வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். சான்றிதழுக்கு மூன்றாவது தடவை அலைய வேண்டும். திங்கட்கிழமை நான் காலேஜுக்கு லீவு.