விலக்களிப்பு தகுதிச் சான்றிதழ் ஆகாது

அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட, கரவனல்ல, எட்டியாந்தோட்டை, கித்துல்கல ஊடாக ஹட்டனை நோக்கி ஏறிச்செல்லும் ஏ7 வீதியில் ஐம்பது, அறுபது ஆண்டுகள் பழைமையான மொரிஸ் மைனர், ஒஸ்டின், வொக்ஸ்வேகன் கார்களை இன்றும் காணமுடிகின்றது. ஒரு காலத்தில் தோட்டத்துரைமாரின் பங்களாக்களில் நின்ற கார்கள் பின்னர் கைமாறி, கடைக்காரர்களினதும் ஆசிரியர்களினதும் வீட்டு முற்றங்களை வந்தடைந்தன. 1950களின் பிற்பகுதியில் பெரும் அரசியல் கொந்தளிப்புக்குக் காரணமாயிருந்த 'ஸ்ரீ' இலக்கத் தகடு, இன்று காரின் பழைமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது.

இத்தகைய காரொன்றை வாங்குபவர் பதிவுப் புத்தகத்தைப் பார்க்கின்றார். வருமான அனுமதிப்பத்திரத்தையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் கேட்கின்றார். இவை மூன்றும் சரியாக இருந்தால் கார் சரியாக உள்ளது என்று நம்பிவிடுகின்றார். இந்த நம்பிக்கையிலேயே ஆபத்து இருக்கின்றது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

நமது நாட்டில் பஸ், லொறி போன்ற வாகனங்கள் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குத் தகுதிச் சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும். சொந்தப் பாவனைக்கான கார்களிடம் அது கோரப்படுவதில்லை. ஐந்து வருடக் காருக்கும் அறுபது வருடக் காருக்கும் இவ்விடயத்தில் வேறுபாடில்லை. 2008ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனை, வெளியேறும் புகையை மாத்திரமே அளவிடுகின்றது. பிரேக் பிடிக்குமா, ஸ்டீயரிங் உறுதியாக உள்ளதா, அடிச்சட்டம் துருப்பிடித்துவிட்டதா என்ற கேள்விகள் அங்கு எழுவதில்லை.

பழைய கார்களுக்கு வெளிநாடுகளிலும் விலக்களிக்கப்படுகின்றதே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். பிரித்தானியாவில் 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது ஆண்டுகளைக் கடந்த கார்கள் பெரும்பாலும் வருடாந்தப் பரிசோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்டுள்ளன. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் அடிச்சட்டம், அச்சு, இயந்திரம் போன்றவற்றில் கணிசமான மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அச்சலுகை கிடையாது. விலக்குப் பெற்ற காரையும் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் சட்டக் கடமையாகும். ஆபத்தான நிலையிலுள்ள வாகனத்தைச் செலுத்துபவருக்கு 2,500 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம். இந்தியா 2021இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மூல வடிவில் பேணப்படும் வாகனங்களைத் தனிவகையாகப் பதிவுசெய்யலாம். எனினும் அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த அனுமதியில்லை.

அரிதாக ஓடும், அக்கறையோடு பேணப்படும், உருமாற்றப்படாத வாகனம் என்பதே அங்கெல்லாம் சலுகைக்கான நியாயமாகும். நமது நிலை அதுவல்ல. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள், பழைய கார்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டும் பழக்கத்தை நம்மவர்களுக்குக் கற்றுத்தந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் வரிச்சுமையால் புதிய கார் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. எனவே பிறநாட்டில் பொழுதுபோக்காக இருக்கும் பழைய கார், இங்கு பிள்ளைகளைப் பாடசாலைக்கும் நோயாளியை வைத்தியசாலைக்கும் ஏற்றிச்செல்லும் அன்றாட வாகனமாக இருக்கின்றது.

மொரிஸ் மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை பழைய டிரம் பிரேக்குகள். நான்குக்கும் ஒரே திரவக் குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் கசிந்தால் முழு பிரேக்கும் செயலிழக்கும். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரையான நீண்ட இறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை மிதித்தால், சூடேறி அதன் பிடிப்புத் தளர்ந்துவிடும். இத்தகைய காருக்குப் பலம் கூடிய ஜப்பானிய இயந்திரத்தைப் பொருத்திவிட்டுப் பிரேக்கைப் பழையபடியே விட்டுவைப்பவர்களும் உள்ளனர். வேகம் கூடிவிட்டது, நிறுத்தும் சக்தி கூடவில்லை.

2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லவில் 20இற்கும் அதிகமானோரும், செப்டெம்பரில் எல்ல-வெல்லவாய வீதியில் 15 பேரும் பலியான பஸ் விபத்துகளையடுத்து, பஸ்களின் தகுதி குறித்து நாடெங்கும் பேசப்பட்டது. அது அவசியமானதே. ஆனால் அதே வளைவுகளில், அதே இறக்கங்களில் ஓடுகின்ற கார்களைப் பற்றி எவரும் பேசவில்லை.

வருடாந்தப் பரிசோதனையொன்றை உடனடியாகத் திணித்தால், அது எளிய குடும்பங்களுக்குச் செலவாகவும், இலஞ்சத்திற்கு இன்னொரு வாசலாகவும் மாறலாம் என்ற அச்சத்தை நாம் புறக்கணிக்கவில்லை. ஆதலால் முதற்படியாக, முப்பது ஆண்டுகளைக் கடந்த கார் உரிமைமாற்றம் செய்யப்படும்போது மாத்திரம் பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்குகள், அடிச்சட்டம் ஆகியவற்றைப் பரிசோதிப்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கட்டாயமாக்கலாம். கட்டணம் குறைவாகவும், அறிக்கை வாங்குபவரின் கையில் கிடைப்பதாகவும் இருக்கவேண்டும். கண்காட்சிக்கும் ஊர்வலத்திற்கும் மாத்திரம் வெளிவரும் கார்களுக்கு வேண்டுமானால் தனிவகையாக நிபந்தனையுடன் சலுகை வழங்கலாம்.

அதுவரை வாங்குபவர்களே விழிப்பாயிருக்க வேண்டும். மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காமல், விற்பவருக்கு வேண்டப்படாத கராஜ் ஒன்றில் காரைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுக்கவேண்டும். இயந்திரம் மாற்றப்பட்டிருந்தால் அது பதிவுப் புத்தகத்தில் உள்ளதா என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். விற்பவருக்கும் பொறுப்புண்டு. பொருளின் குறையை மறைத்து விற்பது பாவம் என்பது தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே ஏற்கும் வணிக அறமாகும்.

சட்டம் பரிசோதனையைக் கேட்கவில்லை என்பதற்காக மலைப்பாதை ஒரு காரையும் பரிசோதிக்காமல் விடுவதில்லை. அந்தப் பரிசோதனையில் தோற்பது வெறும் இரும்பல்ல, ஒரு குடும்பம் என்பதைப் பொறுப்பானவர்கள் இனியேனும் உணர்ந்து செயற்படுவார்களா?