தசைநாண் அழற்சியும் சட்டத்தின் அளவுகோலும்

தசைநாண் அழற்சியை ஊனம் எனக் கொள்ளலாமா என்னும் வினா, எலும்பு மூட்டு வைத்தியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களுமாகிய நமக்கு வேண்டாத வழக்கறிஞர் விவகாரமாகத் தோன்றக்கூடும்; ஆயினும் அதன் முடிவு பெரும்பாலும் நாம் எழுதித் தரும் சான்றிதழைப் பொறுத்தே அமைகிறது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து டொயோட்டா தொழிற்சாலையில் காற்றழுத்தக் கருவிகளைக் கையாண்டு, மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கும் தசைநாண் அழற்சிக்கும் ஆளான பெண் தொழிலாளி ஒருவர், கைகளைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தியபடி மணிக்கணக்கில் கார்களை எண்ணெயிட்டுத் துடைக்கும் புதிய வேலை தம்மால் இயலாதென்று வழக்காடினார். 2002-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அது அந்நபரை எவ்விதம் முடக்கியிருக்கிறது என்பதைத் தனித்தனியே ஆராய வேண்டும் என்றனர். இதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அதே தீர்ப்பு, தொழிற்சாலை வேலையைக் காட்டிலும் பல் துலக்குவதும் முகம் கழுவுவதும் வீட்டு அலுவல்களுமே பிரதானம் என்று கொண்டு, வீடு பெருக்குவதைக் கைவிட்டு, உடுத்திக்கொள்ளவும் சிற்சில வேளை பிறர் துணையை நாடிய அந்த அம்மையாரின் கஷ்டங்கள் ஊனமென்று முடிவுகட்டப் போதுமானவையல்ல என்றது. பல் துலக்குவதற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை என்பது கனம் நீதிபதிகளின் நினைவுக்கு வரவில்லை போலும்! 2008-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சபை ஊனமுற்றோர் சட்டத்தைத் திருத்தி, இவ்வளவுகோலை வெளிப்படையாகவே நிராகரித்தது. மருந்தாலும் கருவிகளாலும் கிடைக்கும் நிவாரணத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது, விட்டு விட்டு வரும் வியாதியை அது தலையெடுத்திருக்கும் வேளையைக் கொண்டே மதிக்க வேண்டும் என்றும் விதித்தது.

நம் நாட்டு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலுள்ள 21 வகைகளில் தசைநாண் அழற்சி இடம்பெறவில்லை; இடஒதுக்கீட்டுக்கு வேண்டிய 40 சதவீத ஊன அளவையும் அது எளிதில் எட்டாது. ஆயினும் நெடுநாள் நீடிக்கும் குறைபாடு, சூழலின் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுக்குமாயின் அவர் மாற்றுத்திறனாளியே என்று அச்சட்டம் பொதுப்பட உரைக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய குடிமைப்பணித் தேர்வர் ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லாவிடினும், சொல்வதை எழுதுபவரின் துணை உண்டென்று 2021-இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த வரையறையைப் பற்றிக்கொண்டே.

சில வார ஓய்வில் தணிந்துபோகும் அழற்சியை ஊனமென்று நாம் கொள்வதற்கில்லை; பிழைப்புக்கான அசைவே அதை ஆண்டுக்கணக்கில் கிளறிக்கொண்டிருக்குமாயின், அதை ஊனமென்றே கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். விடுப்பெடுத்து வலி ஆறிய பின்னரே நோயாளி பரிசோதனைக்கு வருவதும் உண்டாதலால், அன்று கண்டதை மட்டும் நம்பி இயல்பு நிலை என்று எழுதிவிடாமல், கையை எத்தனை நிமிஷம் உயர்த்தி வைத்திருக்க முடிகிறது, எந்த அசைவில் வலி கிளம்புகிறது, எத்தனை முறை திரும்பியிருக்கிறது, வேலையில் எம்மாற்றம் செய்தால் அவர் தொடர்ந்து உழைக்கலாம் என்பவற்றையும் சான்றிதழில் குறிக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.