பேரேட்டில் ஏறாத பாதரசம்

கலிஃபோர்னியாவின் தங்க உற்பத்திப் பட்டியலில் 1852-ஆம் ஆண்டுக்கு நேரே 8,12,94,700 டாலர் என்று இருக்கிறது. நூறு டாலர் வரை துல்லியம்! ஆனால், கனிமங்களைக் கணக்கெடுக்க அன்று அந்த மாநிலத்தில் ஓர் அலுவலகம்கூடக் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் நாணயச் சாலை திறந்தது 1854-இல். மாநிலச் சுரங்கத் துறை அமைந்தது 1880-இல். கப்பலேறிய சரக்கையும் நாணயச் சாலைகளுக்கு வந்து சேர்ந்த பொன்னையும் வைத்துப் பின்னால் போட்ட கணக்கு அது. மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்பியவனின் பொன் அதில் எப்படி ஏறும்?

பாதரசத்தின் கதை வேறு. சான் ஹோசேக்கு அருகே நியூ அல்மடேனில் காய்ச்சி எடுத்த பாதரசம் இரும்புக் குடுவைகளில்தான் வெளியே போகும். குடுவை ஒன்றுக்குச் சுமார் 76 பவுண்டு. குடுவைகளை எண்ணினால் கணக்கு வந்துவிடும். பழைய பேரேடுகளில் தங்கப் பத்தியைவிட இந்தப் பத்தியைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

அந்தக் குடுவைகளில் ஒரு பங்கு தங்க வயல்களுக்குப் போயிற்று. மலைச்சரிவைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, அந்தச் சேற்றை நீண்ட மரக் கால்வாய்களில் ஓடவிட்டார்கள். கால்வாயின் அடியில் ஊற்றிவைத்த பாதரசம் பொன் துகளைப் பற்றிக்கொள்ளும். கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி, பொன் மிஞ்சும். ஊற்றியதில் 10 முதல் 30 சதவீதம் வரை ஒவ்வொரு பருவத்திலும் சேற்றோடு ஆற்றில் போனது. விளைநிலங்களை மண் மூடியதால் வழக்கு வந்தது. 1884-இல் நீதிபதி லோரன்சோ சாயர் கழிவை ஆற்றில் விடத் தடை விதித்தார். ஆனால் அந்த வழக்கு மண்ணைப் பற்றியது, பாதரசத்தைப் பற்றியதல்ல.

உற்பத்திப் பட்டியலில் இழப்புக்கென்று ஒரு பத்தி இருந்ததில்லை. நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகே அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை இந்த இழப்பின் மதிப்பீட்டை வெளியிட்டது. மாநிலத்தின் தங்கச் சுரங்கங்களில் பயன்பட்ட பாதரசம் சுமார் 2.6 கோடி பவுண்டு; அதில் ஆற்றுப்படுகை, சரளை மண் சுரங்கங்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டு வெளியேறியது. சியரா அடிவாரத்து நீர்த்தேக்கங்கள் சிலவற்றில் பிடித்த மீனை அளவோடு உண்ணுமாறு இன்றும் அரசு எச்சரிக்கிறது.

இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஓரிரு உற்பத்தியாளர்களே இருந்தால், அவர்களின் தொழில் ரகசியம் வெளியாகாமலிருக்க அவர்கள் தொகையை வேறு கணக்கோடு சேர்த்து அச்சிடுவது மாநிலச் சுரங்கத் துறையின் வழக்கம். அந்த ஆண்டுக்கு அது நியாயம்தான். சுரங்கமும் முதலாளியும் மறைந்த பிறகும் தொகை பிரியாமலே கிடந்தால், எந்த ஓடையின் அடியில் எவ்வளவு பாதரசம் கிடக்கிறது என்பதை எதைக் கொண்டு கணக்கிடுவது? ரகசியத்துக்குக் காலக்கெடு வைத்து, அது முடிந்ததும் மூலப் படிவங்களைத் திறந்துவிட வேண்டும். சுரங்க உரிமம் தரும் எந்த அரசும், எடுத்த கனிமத்தோடு அதற்காக ஊற்றிய ரசாயனத்தையும் அதே படிவத்தில் கேட்டு வாங்கலாம்.