ஒன்பதாம் நம்பர்

2025 ஐ.பி.எல்-லில் நம்ம சென்னை, 10 டீமில் 10-வது. அதற்கு முன்னோட்டம் மார்ச் 28-லேயே சேப்பாக்கத்தில் ரிலீஸ்! பெங்களூரு வைத்த இலக்கு 197. தோனி இறங்கியது அஸ்வினுக்கும் பிறகு, ஒன்பதாவது ஆளாக! 16 பந்தில் 30 அடித்தும் 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு அந்த மைதானத்தில் பெங்களூருவிடம் வாங்கிய முதல் உதை.

மறுநாள் காலை அண்ணனூரில் மின்சார ரயில் ஏறிய அத்தனை பேரும் கோச்சுகள்தான். "என்ன ஸார் பிளான் இது?" என்று அம்பத்தூர் வரை காய்ச்சினோம்.

ஜன்னலோரப் பெரியவர் திரும்பினார். "இத்தனை வருஷமா நம்ம ஆள் அவுட்டானா, 'அப்பாடா, தோனி வர்றார்'னு விசிலடிச்சது யாருப்பா?"

வில்லிவாக்கம் வரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

டிபன் பாக்ஸ் பையில் எட்டிப் பார்த்த மஞ்சள் விசிலை, மெள்ள உள்ளே தள்ளினேன்.