முதல் குழாய் நோயாளியின் உடலில் வேண்டாம்

சித்தூர்க்காரர் ஒருவருக்கு வயிற்று வலி மாதக்கணக்கில் விடாவிட்டால், பஸ் ஏறுவது திருப்பதிக்கு, இல்லையென்றால் வேலூருக்கு. எங்கே போனாலும் ‘டியூப் விட்டுப் பார்த்துவிடலாம்’ என்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறார். குழாயைச் செலுத்தப்போகிறவருக்கு இது எத்தனையாவது முறை என்று அவர் கேட்பதில்லை. அவருக்காகக் கேட்க வேண்டியது மருத்துவக் கல்லூரி.

பயிற்சி மருத்துவர் எவரும் சிமுலேட்டர் என்ற பயிற்சி இயந்திரத்தில் தேர்ச்சி பெறாமல் நோயாளிக்கு எண்டோஸ்கோப்பி செய்யக் கூடாது. இதை விதியாக்குவதில் திருப்பதி ஸ்விம்ஸ் முன்னால் நிற்க வேண்டும். தேவஸ்தானம் நிறுவிய அந்த மருத்துவமனை, 1995 முதல் பல்கலைக்கழகமும்கூட.

கொலோனோஸ்கோப்பியில் கடினம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வளைந்து நெளியும் பெருங்குடலுக்குள் குழாயைத் தள்ளத் தள்ள, அது முன்னேறாமல் வளையமாகச் சுருண்டு குடலை இழுக்கும். நோயாளி துடிப்பது அப்போதுதான். தேர்ந்தவர் உடனே பின்னுக்கு இழுத்துத் திருகி நேராக்குவார்; பழகாதவர் மேலும் தள்ளுவார். குடல் துளைபடும் ஆபத்தும் அந்தத் தள்ளலில் இருக்கிறது. இந்தக் கைப்பழக்கத்தைச் சிமுலேட்டரில் யாருக்கும் நோகாமல் கற்கலாம். குடற்சுவரில் எத்தனை பங்கைப் பார்த்தார், எவ்வளவு நேரம் வலி கொடுத்திருப்பார் என்று இயந்திரமே கணக்குச் சொல்லும். அமெரிக்காவில் பொது அறுவை மருத்துவர்கள் சான்று பெற, சிமுலேட்டரில் ஐந்து செய்முறைகளைச் செய்துகாட்டும் தேர்வு 2018 வாக்கிலேயே கட்டாயமாகிவிட்டது. வளையத்தை நேராக்குவது அந்த ஐந்தில் ஒன்று.

நம் கல்லூரிகளில் இன்னும் லாக்புக்தான் பெரிய சாட்சி. ஐம்பது செய்தார், நூறு செய்தார் என்று அது சொல்லும்; எப்படிச் செய்தார் என்று சொல்லாது. அளந்து பார்த்தால் என்ன தெரியவரும் என்பதற்கு பிரிட்டன் சான்று. அங்கே 2004இல் வெளியான ஆய்வில், பெருங்குடலின் கடைக்கோடிவரை குழாய் போய்ச் சேர்ந்தது, கடுமையாகக் கணக்கிட்டால், சுமார் 57 விழுக்காட்டினரிடம் மட்டுமே. பயிற்சியையும் சான்றளிப்பையும் இறுக்கிய பின், 2011இல் எடுத்த கணக்கில் அது 90 விழுக்காட்டைத் தாண்டியது. வெட்கப்பட வைத்த எண்ணை அவர்கள் ஒளித்துவைக்கவில்லை. அந்த நேர்மையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வாய்வழியாக விடும் குழாயிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் ஆபத்துதான். இரைப்பைப் புற்றுநோய் தென்னிந்தியாவில் அரிதான நோயல்ல. மேல் உணவுப்பாதைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் எடுத்த எண்டோஸ்கோப்பியிலேயே தவறவிடப்பட்டிருந்தது என்று 2014இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்த தாளை நம்பி வீடு திரும்பியவர்கள் அவர்கள்.

இயந்திரத்தில் உயிர் இல்லை, ரத்தம் கசியாது, மூச்சு முட்டிக் கையை உதறுகிற நோயாளி இல்லை என்பார்கள் மூத்தவர்கள். உண்மை. சிமுலேட்டர் பயிற்சி நேரடிப் பயிற்சிக்கு மாற்றாகாது என்றே ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் எந்தப் பயிற்சியும் இல்லாமல் நோயாளியிடம் போவதைவிட அது மேல் என்றும் அவையே சொல்கின்றன. அதனால் இதை வாசற்படித் தேர்வாக வையுங்கள். உள்ளே போன பிறகு, மூத்தவர் பக்கத்தில் நின்று மதிப்பெண் இடட்டும்.

விலை அதிகம் என்ற பேச்சும் எழும். ஸ்விம்ஸும், 1960இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரியின் ரூயா மருத்துவமனையும் அலிபிரிச் சாலைப் பக்கத்திலேயே இருக்கின்றன. சித்தூரில் அப்போலோ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேர்வு மையம் போதும். மாணவரிடம் கட்டணம் வாங்காமல் அரசும் தேவஸ்தானமும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பயிற்சிக் கைகளுக்கு முதலில் கிடைப்பது பொது வார்டு நோயாளிதான், காசு கொடுத்துத் தனியறை எடுத்தவர் அல்ல. இந்த அநியாயத்துக்காகவே இனியும் காத்திருக்கலாகாது. வரும் கல்வியாண்டின் சேர்க்கைக்கு முன்பே விதி வரட்டும். பணியில் இருக்கும் மருத்துவர்களும், தங்கள் குழாய் கடைக்கோடியை எட்டிய விழுக்காட்டை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.