கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்

வேலணையிலோ புங்குடுதீவிலோ காணி வாங்குபவர் உறுதியிற் கிணற்றுப் பங்கை மட்டும் கண்டு மகிழ்வதில்லை. வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டுள்ளதா எனத் தேடுவார். நீருண்டு, நீருக்கு வழியில்லை என்றாற் பங்கினாற் பயன் என்ன? அத்தகைய தீவகத்தில் பிறந்த நம்மவரே, பிறர் எழுதிய திறந்த மூலநிரலை ‘இலவசந்தானே’ என்று உரிமம் வாசியாது எடுத்தாள்கின்றனர்.

நிரலின் எழுத்துக்கு உரியது பதிப்புரிமை. அது செயற்படும் முறைமீதோ தனியாக ஓர் ஆக்கவுரிமை இருத்தல் கூடும். முன்னது கிணற்றுப் பங்கு. பின்னதற்கான அனுமதியே வழி வாய்க்கால்.

2014இல் முகநூல் நிறுவனம் தனது ‘றியாக்ற்’ நிரலுக்கு ஒரு நிபந்தனை விதித்தது: எவ்விடயம் பற்றியேனும் தன்மீது ஆக்கவுரிமை வழக்குத் தொடுப்பவர் அந்நிரலுக்கான ஆக்கவுரிமை அனுமதியை இழப்பர். 2017 ஜூலையில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை அதனைத் தன் திட்டங்களிலிருந்து விலக்கியது. செப்ரெம்பரில் நிறுவனம் பணிந்து எம்.ஐ.ரி. உரிமத்துக்கு மாறியது.

“நமக்கு ஏது ஆக்கவுரிமை?” எனச் சிலர் நகைப்பர். இன்று இல்லாதது என்றுமே இல்லாதிருக்க வேண்டுமோ? நாளை நம் மாணவர் ஒருவரின் கண்டுபிடிப்பைப் பெருநிறுவனம் கவர்ந்தால், வழக்கிடுவதா, கட்டியெழுப்பிய மென்பொருளைக் காப்பதா என அவர் திகைப்பார். ஆயிரம் வாளுடையோனுக்கு ஒன்றை இழப்பது பொருட்டன்று. ஒரே வாளுடையோன் வெறுங்கையன் ஆவான்.

திறந்த நிரலைத் துறக்குமாறு யாம் கூறவில்லை. 2004இன் அப்பாச்சி இரண்டாம் உரிமம் ஆக்கவுரிமை அனுமதியை வெளிப்படையாக அளிக்கிறது. அந்நிரலே தம் ஆக்கவுரிமையை மீறுவதாக வழக்கிடுவோரிடமிருந்து மட்டுமே அதனை மீட்கிறது. எம்.ஐ.ரி. உரிமமோ ஆக்கவுரிமை பற்றி வாய் திறப்பதேயில்லை. உறுதி வாசித்துக் காணி வாங்கிய மரபினர் நாம். உரிமம் வாசித்தே நிரல் எடுப்போம்.